நாலு சுற்று நீ, நாலு சுற்று நான்

மார்சிலிங்
6 ஏப்ரல் 2025

ரஷீதாவுக்கு ரஞ்சிதம் எழுதுவது.

நலம், நலமறிய ஆவல் என்று எழுத மாட்டேன். உன் நலத்தைப் பற்றி எனக்கு ஆவல் ஒன்றும் இல்லை. மண்டாய் தகனச்சாலையில் கோவிந்தசாமி சாரை வழியனுப்பிய அன்று பார்த்தேனே, நன்றாகத்தான் இருக்கிறாய். வலது முழங்காலை மட்டும் இழுத்து இழுத்து நடக்கிறாய். கோடாலித் தைலம் தேய்.

இனிமேல் எனக்குப் போன் செய்யாதே. முந்தாநாள் இரண்டு தடவை அடித்தாய். எடுத்தேன், உன் குரல் என்று தெரிந்தது, வைத்துவிட்டேன். உன்னோடு ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்று பள்ளிக்கூடக் கேண்டீனில் அத்தனை பேர் நடுவில் சொன்னவள் நான். பேச மாட்டேன் என்றுதான் சொன்னேன். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன். மூன்றாவது வரைக்கும் படித்தவள் எழுத்து. பிழை இருந்தால் சிரித்துக்கொள். நீ சிரிப்பதில் கெட்டிக்காரி.

விஷயத்துக்கு வருகிறேன். சாருடைய மகள் வைஷாலி வீட்டுக்கு வந்தாள். வருகிற மே மாதம் பதினேழாம் தேதி, சார் குடியிருந்த பஃபலோ ரோடு அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் அவர் நினைவாக ஒரு சாயங்காலம் வைக்கிறாளாம். பேச்சு, மலர், மௌனம் எதுவும் கிடையாதாம். அவர் வாழ்நாள் முழுக்கப் பைத்தியமாக இருந்த ஜாஸ் மட்டும்தானாம். அவரிடம் கணக்குப் படித்த பிள்ளைகள் எல்லாம் வருகிறார்களாம். "ஆன்ட்டி, நீங்களும் ரஷீதா ஆன்ட்டியும் பழைய கேண்டீன் பாட்டை வாசிக்கணும்" என்றாள்.

நான் முடியாது என்றேன். அவள் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: "அப்பா ஆஸ்பத்திரியில் கடைசியா சிரிச்சுப் பேசினது உங்களைப் பத்திதான் ஆன்ட்டி. 'ரஞ்சிதத்தோட நாலு சுத்து இன்னும் வரல. வந்தாதான் அந்தப் பாட்டு முடியும்'னு சொன்னாரு."

அந்த நாலு சுற்று ஏன் வரவில்லை என்று உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும். 1991 பள்ளி ஆண்டு விழா. சார் நம் இருவரையும் மேடையில் ஏற்றினார். பெரிய வாத்தியாருக்குப் பிடிக்கவில்லை. "கேண்டீன் பொம்பளைங்க மேடையில எதுக்கு?" என்று கேட்டார். "அவங்க ஏறலன்னா நானும் ஏறல" என்று சார் சொன்னார். நான் கத்தரிப்பூ நிறத்தில் சேலை கட்டியிருந்தேன். சார் கிளாரினெட் ஊதினார். நீ உன் குவாலிச் சட்டியில் நாலு சுற்றுத் தட்ட வேண்டும், நிறுத்த வேண்டும். நான் தோசைக்கல்லில் நாலு சுற்றுத் தட்ட வேண்டும். அவ்வளவுதானே? நீ நிறுத்தினாயா? என் முறை பிறந்து நான் தோசைத் திருப்பியை ஓங்கி அடிக்கும்போது நீயும் அடித்தாய். டங்கென்று இரண்டு சத்தமும் மோதின. மண்டபம் முழுக்கச் சிரித்தது. என் பிள்ளைகளோடு படித்த பிள்ளைகள் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். நான் பார்த்தேன்.

என் வாழ்க்கையில் நான் ஏறிய மேடை அது ஒன்றுதான்.

ஆகையால் வர மாட்டேன். வைஷாலியிடம் நீயே சொல்லிவிடு.

ரஞ்சிதம்

பின்குறிப்பு: என் நீல வாளியை நீ விரிசலோடு திருப்பித் தந்ததையும் மறக்கவில்லை.


சுவா சூ காங்
11 ஏப்ரல் 2025

அன்புள்ள ரஞ்சிதம் அக்காவுக்கு ரஷீதா எழுதிக்கொள்வது.

அல்லாவே, உங்கள் எழுத்தைப் பார்த்ததும் தபால் பெட்டி முன்னாடியே நின்று படித்துவிட்டேன். பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மா "என்ன, நல்ல சேதியா?" என்று கேட்டார். "திட்டு வந்திருக்கு, நல்ல திட்டு" என்றேன். லிஃப்டில் மறுபடி படித்தேன். மருமகள் ருக்ஸானாவுக்கு வாசித்துக் காட்டினேன். வாளி வந்த இடத்தில் அவள் சிரித்த சிரிப்பில் நூடுல்ஸ் மூக்கில் ஏறிவிட்டது.

அக்கா, கோபப்படாதீர்கள், நான் என் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு நான் எண்ணி எண்ணித்தான் அடித்தேன். நாலு சுற்று. அதற்கு மேல் ஒரு அடி கிடையாது. இந்த வயதில் பொய் சொல்லி எனக்கு என்ன ஆகப்போகிறது? நீங்கள்தான் அவசரப்பட்டு நடுவில் குதித்தீர்கள் என்று இவ்வளவு நாளும் நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். சிரித்தது உண்மை. எனக்குப் பயம் வந்தால் சிரிப்பு வரும், உங்களுக்குத் தெரியாதா? சுகாதார அதிகாரி சோதனைக்கு வந்தபோதுகூட நான் சிரித்துத்தானே மாட்டிக்கொண்டேன்.

சார் போனதிலிருந்து எனக்கு அந்த முதல் வெள்ளிக்கிழமைதான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது. பிள்ளைகள் எல்லாம் வீட்டுக்குப் போன பிறகு சார் கேண்டீன் மேசையில் பாட்டுப் பெட்டியை வைத்து, சுங்கை ரோடு பழைய சாமான் சந்தையில் வாங்கிய இசைத்தட்டைப் போட்டுக் கேட்பாரே. சட்டைப் பையில் சிவப்புப் பேனா, நீலப் பேனா, நடுவில் கிளாரினெட்டின் வாயில் வைக்கிற அந்தச் சின்னப் பட்டை. அதை எடுத்து என் கடையின் பாலில்லாத டீயில், அந்தத் தே ஓவில், முக்கி ஊற வைப்பார். "சார், கிளாஸ்ல குப்பை விழுந்திருக்கு" என்று முதல் நாள் நான் எடுத்து எறியப் போனேன். மனிதர் என் கையைப் பிடிக்காத குறைதான்.

அன்றைக்கு நீங்கள் தோசைக்கல்லைச் சுரண்டிக் கழுவிக்கொண்டிருந்தீர்கள். நான் குவாலியைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். நமக்குப் பாட்டும் தெரியாது, ஒன்றும் தெரியாது. நீங்கள் கர்ரக் கர்ரக் என்பீர்கள், நான் டிங் என்பேன். சார் சட்டென்று எழுந்து வந்தார். சத்தம் போடுகிறோம் என்று திட்ட வருகிறார் என நினைத்து இருவரும் கையை எடுத்துவிட்டோம். அவர் இரண்டு கையையும் நீட்டி, "நிறுத்தாதீங்க! நிறுத்தாதீங்க! ரஷீதா நீ கேட்ட கேள்விக்கு ரஞ்சிதம் இப்பத்தான் பதில் சொல்லிட்டு இருந்தா!" என்றார். கண்ணெல்லாம் ஈரம். என்ன ஆச்சு இந்த மனுஷனுக்கு என்று நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் சிரித்தேன்.

வாருங்கள் அக்கா. நான் ஒருத்தி அடித்தால் அது பாட்டு இல்லை, பாத்திரம் கழுவுகிற சத்தம்.

இப்படிக்கு,
உங்கள் ரஷீதா

பின்குறிப்பு: வாளி ஏற்கெனவே விரிசலோடுதான் இருந்தது.


மார்சிலிங்
17 ஏப்ரல் 2025

ரஷீதாவுக்கு,

வாளியில் விரிசல் இல்லை. ஆ சூன் கடையில் வாங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதில் ஊற வைத்த உளுந்துத் தண்ணீர் தரையெல்லாம் ஓடி சார் வழுக்கி விழப் பார்த்தார். அப்போதுகூட அவர் தாளம் தப்பாமல்தான் வழுக்கினார்.

முதல் வெள்ளிக்கிழமை பற்றி நீ எழுதியது பாதிதான் சரி. நான் சுரண்டிக்கொண்டிருந்தது கழுவுவதற்காக இல்லை. கல்லில் ஒட்டிய முட்டைத் தோசையை எடுக்க. அந்தத் தோசையும் சாருக்காகத்தான் ஊற்றியது. ஒட்டிப்போன தோசையால் வந்தது அவ்வளவும். சார் அதையும் விடாமல் தின்றார்.

நீ ஒன்றை எழுத மறந்துவிட்டாய். கை தட்டச் சொல்லிக் கொடுத்ததை. நான் சின்ன வயதிலிருந்து சிராங்கூன் ரோடு கோயில் பஜனையில் தட்டிப் பழகியவள். ஒரு சுற்றுக்கு எண்ணிக்கை நாலு, அதில் ஒன்று விழும்போது கை சேர்ந்துவிடும். சார் தலையில் அடித்துக்கொள்வார். "ரஞ்சிதம், ஒண்ணுல தட்டினா பஜனை. ரெண்டுலயும் நாலுலயும் தட்டினாதான் ஜாஸ். ஒண்ணை முழுங்கிடு!" முழுங்கு முழுங்கு என்று ஒரு மாதம் சொன்னார். நான் ராத்திரி படுக்கையில்கூட ஒன்றை முழுங்கிக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் "வயித்துல வாயுவா?" என்று ஓம வாட்டர் கொண்டுவந்து கொடுத்தார். நீ இரண்டே வெள்ளிக்கிழமையில் பிடித்துக்கொண்டாய். அந்த ஆத்திரமும் எனக்கு உண்டு. எழுதி வைத்துக்கொள்.

அந்தக் கணக்கையே அவர் வகுப்பிலும் வைத்தார். நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பின்னம் வரவில்லை என்று அரை, கால், அரைக்கால் எல்லாவற்றையும் மேசையில் தட்டிக் காட்டினார். பக்கத்து வகுப்பு டீச்சர் புகார் சொன்னார். ஆனால் அந்த வருஷம் ஒரு பிள்ளைகூடப் பின்னத்தில் தோற்கவில்லை. என் மூத்தவன் இன்றைக்கும் சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பெட்டி எண்ணும்போது விரலால் தட்டித்தான் எண்ணுகிறானாம்.

ஆண்டு விழாவுக்குப் பிறகு நான் உனக்கும் எனக்கும் நடுவில் அரிசி மூட்டைகளை அடுக்கினேனே, நினைவிருக்கிறதா? உன் கேண்டீன் கடை ஒப்பந்தம் முடிந்து நீ போகும் வரைக்கும் சார்தான் நடுவில் ஓடினார். "சார், அவகிட்ட உப்பு இருக்கான்னு கேளுங்க" என்பேன். நீ ஒரு கை தூரத்தில்தான் இருப்பாய். அவர் மூட்டையைச் சுற்றி வந்து, "ரஷீதா, மேடம் உப்புக் கேக்கறாங்க" என்பார். நீ தருவாய். மறுபடி சுற்றி வருவார். ஒரு நாள்கூட முகம் சுளிக்கவில்லை. ஒரு நாள்கூட சமாதானமாகப் போங்கள் என்றும் சொல்லவில்லை. ஒரு தடவைதான், உப்பை வைத்துவிட்டுச் சொன்னார்: "ஜாஸ்ல தப்புன்னு ஒண்ணு கிடையாது ரஞ்சிதம். தப்பா விழுந்ததை அதே இடத்துல இன்னொரு தடவை போட்டுட்டா அது பாட்டாயிடும். அன்னிக்கு மேடையில அதைத்தான் உன்கிட்ட கத்தினேன். நீ திருப்பியைக் கீழே வெச்சிட்டு இறங்கிட்டே."

கேட்டேன். தோசை ஊற்றப் போய்விட்டேன்.

நிகழ்ச்சிக்கு வருகிறேன். சாருக்காக. பின்வரிசையில் உட்காருவேன். வாசிக்க மாட்டேன். உன் பக்கம் திரும்ப மாட்டேன்.

ரஞ்சிதம்


சுவா சூ காங்
24 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

வருகிறேன் என்று எழுதினீர்களே, அதுவே பெரிது. வைஷாலியிடம் சொன்னேன். போனிலேயே குதித்தாள்.

எனக்கு இப்போது ஒரு தலைவலி. என்னிடம் குவாலி இல்லை! பழையது துருப்பிடித்து, வீடு மாறியபோது போய்விட்டது. ருக்ஸானா வைத்திருப்பதெல்லாம் ஒட்டாத சட்டி. அதில் தட்டிப் பார்த்தேன். தொப், தொப். தலையணையில் அடிக்கிற மாதிரி. "மாமி, பூச்சு உரிஞ்சுடும் லா!" என்று பிடுங்கிக்கொண்டாள்.

அதனால் தேக்கா கடைத்தெருவுக்குப் போனேன். முழங்காலோடு ஒவ்வொரு பாத்திரக் கடையாக ஏறி இறங்கினேன் (தைலம் தேய்க்கிறேன் அக்கா, கேட்கிறது). கடைக்காரப் பையனிடம் "தம்பி, கொஞ்சம் தள்ளி நில்லு" என்று சொல்லிவிட்டுக் கரண்டியால் ஒவ்வொரு குவாலியாகத் தட்டினேன். கடைக்கு வந்தவர்கள் எல்லாம் நின்றுவிட்டார்கள். ஒரு வெள்ளைக்காரர் வீடியோ எடுத்தார். ஒரு கடைக்காரர், "அம்மா, குவாலி சமைக்கவா, கச்சேரிக்கா?" என்றார். "கச்சேரிக்கு" என்றேன். மனிதர் ஒரு நிமிஷம் பார்த்தார், உள்ளே போனார், அவர் தகப்பனார் காலத்து இரும்புக் குவாலி ஒன்றைத் தூசி தட்டிக்கொண்டு வந்தார். தட்டினேன். அக்கா! அதே சத்தம். மணி மாதிரி எழும்பிக் கொஞ்சம் கரகரப்பாக முடிகிறது. சார் கேட்டால் "ஆ, இதான் தொண்டை!" என்பார். தலையில் கவிழ்த்துக்கொண்டு போகலாமா என்றுகூடத் தோன்றியது. அவ்வளவு பெரிது, எம்ஆர்டி ரயிலில் எனக்கு எழுந்து இடம் கொடுத்தார்கள், குவாலிக்கும் சேர்த்து.

ஒத்திகையும் ஆரம்பித்துவிட்டோம். வைஷாலி அப்பாவின் கிளாரினெட்டை ஊதுகிறாள். சாரிடம் படித்த வெங்கட், ஆள் உயரக் கிதார் மாதிரி ஒன்றை அணைத்துக்கொண்டு நரம்பைச் சுண்டுகிறான். சார் மேசையில் தட்டிக் காட்டுகிற வரைக்கும் பின்னத்தில் முட்டை வாங்கிய அதே வெங்கட்தான், இப்போது தலையில் முடி இல்லை. எனக்கு நாலு சுற்று வரும். பிறகு உங்கள் நாலு சுற்று வரும். அதில் யாரும் எதுவும் வாசிப்பதில்லை. வேறு யாரையாவது போடலாமா என்று வெங்கட் கேட்டான். வைஷாலி மாட்டேன் என்றுவிட்டாள். "அது ரஞ்சிதம் ஆன்ட்டியோட இடம். அவங்க வரலன்னா காலியா இருக்கட்டும்." அந்த நாலு சுற்றும் எல்லாரும் சும்மா நிற்கிறோம் அக்கா. எவ்வளவு நீளம் தெரியுமா? மெரினா பே வரை நடந்து போய் வந்துவிடலாம்.

உங்கள் தோசைக்கல் இன்னும் இருக்கிறதா?

ரஷீதா


மார்சிலிங்
2 மே 2025

ரஷீதாவுக்கு,

தோசைக்கல் இருக்கிறது. அதில்தான் தினமும் சுடுகிறேன். நான் ஒன்றும் இரும்பைத் துருப்பிடிக்க விடுகிறவள் இல்லை.

சாருடைய படத்துக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டு, அவர் கண்ணாடி, இசைத்தட்டு, சிவப்புப் பேனா எல்லாம் வைக்கிறார்களாம். என் கல்லையும் அங்கே வைக்கக் கேட்டாள் வைஷாலி. அதற்காக மட்டும்தான் கொண்டுவருகிறேன். பார்வைக்கு. திருப்பியையும் கொண்டுவருகிறேன், கல்லைத் தனியாக வைத்தால் லட்சணமாக இருக்காது.

நீ ஏதாவது கற்பனை செய்துகொள்ளாதே.

ரஞ்சிதம்


சுவா சூ காங்
19 மே 2025

என் ரஞ்சிதம் அக்காவுக்கு,

கை இன்னும் வலிக்கிறது. வலது கையால்தான் தட்டினேன், அதனால் இடது கையால் எழுதுகிறேன், கோழி கிறுக்கின மாதிரி இருந்தால் மன்னியுங்கள். எல்லாம் முடிந்ததும் என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் மகனோடு டாக்சி ஏறிப் போய்விட்டீர்கள். அதனால் நடந்ததை நானே எழுதிவிடுகிறேன். நீங்கள் பிற்பாடு மாற்றிச் சொல்லக் கூடாது பாருங்கள்.

முதலில் மாலை. கீழ்த்தளத்தில் உட்கார இடம் இல்லை, சைக்கிள் நிறுத்துகிற இடம் வரைக்கும் ஜனம். மேசையைப் பார்த்துக்கொண்ட யாரோ ஒரு நல்ல மனுஷி, மலர் வேண்டாம் என்று வைஷாலி சொன்னதைக் கேட்காமல், சார் படத்துக்கு மல்லிகை மாலை போட்டது போதாதென்று உங்கள் தோசைக்கல்லுக்கும் ஒன்று போட்டு, சந்தனமும் வைத்துவிட்டாள். நீங்கள் உள்ளே நுழைந்து அதைப் பார்த்தீர்கள்.

"யாரு என் கல்லுக்கு மாலை போட்டது? கல்லும் செத்துப் போச்சா, இல்ல நான் செத்துட்டேனா?"

கிளாரினெட்டை வாயில் வைத்திருந்த வைஷாலி சிரித்ததில் கீய்ய் என்று ஒரு சத்தம் வந்தது. சார் இருந்திருந்தால் அதையே முதல் பாட்டாக ஆக்கியிருப்பார்.

பிறகு நம் பாட்டு. நான் நாலு சுற்றுத் தட்டினேன். நிறுத்தினேன். உங்கள் இடம் வந்தது. காலி. ஜனங்கள் கைதட்டிக்கொண்டிருந்தார்கள், அது மட்டும்தான் சத்தம். மறுபடி நான், மறுபடி காலி. நான் உங்களைப் பார்க்கவில்லை, சத்தியமாக. குவாலியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் தெரிந்தது. பின்வரிசையில் ஒரு நாற்காலி கீச்சிட்டது. சேலை உரசுகிற சத்தம். நீங்கள் நடுவழியில் வந்துகொண்டே, தட்டிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து, "எல்லாரும் ஒண்ணுல தட்றீங்களே, சார் கேட்டா அழுவாரு! ஒண்ணை முழுங்குங்க!" என்று ஒரு அதட்டல். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

நீங்கள் கல்லின் மாலையைக் கழற்றி சார் படத்துக்கு இரண்டாவது மாலையாகப் போட்டீர்கள். திருப்பியை எடுத்தீர்கள். என் நாலாவது சுற்று முடியப் போகிறது. கடைசி அடியை நான் போட, உங்கள் முதல் அடியை நீங்கள் போட...

டங்!

அக்கா, என் உயிரே நின்றுவிட்டது. அதே சத்தம். அதே மோதல். ஜனம் சிரித்தது, அன்றைக்குச் சிரித்த அதே சிரிப்பு. எனக்கும் வந்துவிட்டது, பயத்தில். போச்சு, கல்லைத் தூக்கிக்கொண்டு போகப் போகிறார் என்று நினைத்தேன்.

நீங்கள் என்னை நேராகப் பார்த்தீர்கள். அந்தக் கூட்டம் முழுக்கக் கேட்கிற மாதிரி:

"ஏ ரஷீதா! மறுபடியும் போடுடி! அதே இடத்துல!"

போட்டேன். நீங்களும் போட்டீர்கள். டங்! அதற்கு அடுத்த தடவை வெங்கட்டும் அங்கேயே நரம்பை இழுத்தான். அதற்கு அடுத்த தடவை வைஷாலியும் அங்கேயே ஊதினாள். பிறகு யாரும் சிரிக்கவில்லை, ஆடினார்கள்! ருக்ஸானா ஆடினாள். ஒட்டாத சட்டியைத் தொட விடாத அந்த ருக்ஸானா! உங்கள் நாலு சுற்று வந்தது அக்கா. வந்து, நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. மேலே ஜன்னல்களில் எல்லாம் தலை. பத்தாவது மாடியிலிருந்து ஒரு சீனத் தாத்தா சட்டி மூடியால் கைப்பிடிக் கம்பியைத் தட்டினார். அவர் ஒருவர்தான் சரியாக இரண்டிலும் நாலிலும் தட்டினார்.

ஆக, என்னிடம் பேசிவிட்டீர்கள். சபதம் முடிந்தது. இனிமேல் போனை எடுப்பீர்கள்தானே?

உங்கள் ரஷீதா


மார்சிலிங்
23 மே 2025

ரஷீதாவுக்கு,

முதலில் திருத்தம். அது பேச்சு இல்லை. பாட்டுக்கு நடுவில் சொன்னது பாட்டோடு சேர்ந்தது. ஆகையால் நான் பேசவில்லை.

இரண்டாவது, சொல்லிக்கொள்ளாமல் போனது கோபத்தால் இல்லை. என் முகம் அப்போது நான்கு பேர் பார்க்கிற மாதிரி இல்லை. டாக்சிக்காரர் "நல்ல கல்யாணமா ஆன்ட்டி?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

இப்போது நான் எழுதப் போவதைக் கவனமாகப் படி. நீ அடித்துக்கொண்டிருந்தபோது நான் பின்வரிசையில் உட்கார்ந்து முன்னால் இருந்தவர்களின் கைகளைப் பார்த்தேன். எல்லாரும் ஒன்றில் தட்டினார்கள். பாதிப் பேர் பஜனைக்குப் போகிறவர்கள், மீதிப் பேர் அவர்களைப் பார்த்துத் தட்டியவர்கள். நீ முதலில் சரியாகத்தான் ஆரம்பித்தாய். ஆனால் கைதட்டல் விழுவது இரண்டிலும் நாலிலும்தான் என்று சார் நமக்குப் பழக்கிவிட்டாரே, அந்தப் பழக்கத்தில் அவர்கள் ஒன்றில் தட்டியதை உன் காது நாலு என்று எடுத்துக்கொண்டது. ஒரே ஒரு தட்டுத் தள்ளிப் போனாய், உன் கடைசி நாலு என் முதல் ஒன்றின் மேல் வந்து விழுந்தது. நான் எப்போதும் கையைக் கேட்க மாட்டேன், ஊதுகிறவரின் காலைப் பார்த்து எண்ணுவேன். சாருடைய கறுப்புச் சப்பாத்துக் காலைப் பார்த்து எண்ணிய பழக்கம். நீ எண்ணியதும் நாலு. நான் எண்ணியதும் நாலு.

அப்போதுதான் எனக்கு அந்தப் பழைய மண்டபம் கண்ணில் வந்தது. முன்வரிசையில் யார் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று ஒவ்வொரு முகமாகச் சொல்வேன். என் கோயில் பஜனைக் கோஷ்டிதான், நான்தான் கூப்பிட்டிருந்தேன், என் சேலையைப் பார்க்கட்டும் என்று. அத்தனை பேர் முகமும் இவ்வளவு வருஷமாக மறக்கவில்லை. அவர்களுடைய கை என்ன செய்தது என்றுதான் பார்த்ததே இல்லை.

ஒரே ஒரு தட்டு, ரஷீதா. அதற்கு இவ்வளவு அரிசி மூட்டை.

நாற்காலியிலிருந்து எழும்போதே எனக்குத் தெரியும், நான் அடித்தால் மோதும் என்று. தெரிந்துதான் அடித்தேன். உன் எண்ணிக்கைக்கு ஒரு தட்டுத் தள்ளி வந்து அடித்திருக்கலாம். அடித்தால் சுத்தமாக இருந்திருக்கும். சாருக்குச் சுத்தம் எப்போது பிடித்தது? ஒட்டிப்போன தோசையைத் தின்ற மனிதர்.

வைஷாலி நேற்று வந்தாள். மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை அதே கீழ்த்தளத்தில் வாசிக்கலாமா என்று கேட்கிறாள். அந்தச் சீனத் தாத்தாவும் மூடியோடு வருகிறாராம். நான் சரி என்றேன். நீயும் வருகிறாய் என்று உன்னைக் கேட்காமலே சொல்லிவிட்டேன். குவாலிக்கு எண்ணெய் தடவி வை. வருகிறபோது கேண்டீனில் நீ அரைத்த அந்த மிளகாய்ச் சம்பல் கொண்டுவா. அதை ருசியில்லை என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை, காரம் போதாது என்றுதான் சொன்னேன்.

வாளி விஷயம் அப்படியே இருக்கிறது. அதில் மாற்றம் இல்லை.

போன் பற்றிக் கேட்டாய். ஞாயிற்றுக்கிழமை காலையில் அடி. எடுக்கிறேன். ஆனால் உன்னைப் பேச விட்டால் பெருநாள் வரைக்கும் பேசுவாய் என்று எனக்குத் தெரியும். நாலு வார்த்தை நீ, நாலு வார்த்தை நான். முதலில் நீ ஆரம்பி.

உன் அக்கா,
ரஞ்சிதம்